ஒரே பிரதியுள்ள புத்தகம்

ஆண்டு விழா மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று தரவேண்டுமென்று நம் சங்கச் செயலாளர் அவர்கள் பணித்தபோது, சேர சோழ பாண்டியரைப் பற்றி எழுதும் தகுதி எனக்கில்லை என்று சொல்லிப் பார்த்தேன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, குட்ஸ் ஆபீஸில் சரக்குக் கணக்கு எழுதிக் காலந்தள்ளும் குமாஸ்தா நான். "உமக்குத் தெரிந்த சரித்திரத்தை எழுதும்" என்றார் அவர். எனக்கு ஓரளவேனும் தெரிந்தது சித்திரக்கதைகளின் சரித்திரந்தான். பெரியோர்கள் முகஞ்சுளிக்காமல் படிக்க வேண்டுகிறேன்.

தொலைக்காட்சியில் ஹிந்தி பேசிக்கொண்டு வரும் டோரேமான் என்னும் நீலப் பூனையை நம் காலனிக் குழந்தைகள் அனைவரும் அறிவர். தமிழில் எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளையும் அப்பூனையின் கதையை மூச்சுவிடாமல் சொல்லும். அதைப் படைத்த ஜப்பானியர், பள்ளிப் பருவத்தில் தோழன் ஒருவனோடு சேர்ந்து, ஒரே ஒரு பிரதி மட்டுமே உள்ள சித்திரப் பத்திரிகையைக் கையாலேயே தயாரித்தவர். அவர்கள் இருவருக்கும் வழிகாட்டியாய் நின்றவரும், சிறுவராயிருந்தபோது நோட்டுப் புத்தகத்தில் கதை வரைந்து வகுப்பில் சுற்றுக்கு விட்டவரே. அந்த மூத்தவரின் வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன்.

ஒஸாமு தெஸூகா 1928ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள், ஒஸாகா நகரை அடுத்த தொயோனாக்கா என்னும் ஊரில் பிறந்தார். அவர் சிறு பிள்ளையாயிருக்கும்போதே குடும்பம் தக்காரஸூகாவுக்குக் குடிபெயர்ந்தது. பெண்களே ஆண்வேடமும் பூண்டு ஆடிப்பாடும் நாடகக் குழுவுக்குப் பெயர்போன ஊர் அது. தந்தையார் சித்திரக்கதைப் புத்தகங்கள் வாங்கி வருவார். சிறு படம் காட்டும் கருவி ஒன்றும் வீட்டில் இருந்தது. தாயாரோ, பாத்திரத்துக்கு ஒரு குரலாக மாற்றி மாற்றி அக்கதைகளை மகனுக்குப் படித்துக் காட்டுவாராம். அப்படிப்பட்ட தாய் வாய்ப்பது எல்லோருக்கும் கிடைக்கும் பேறன்று.

பள்ளியிலோ அவருக்கு நல்ல காலமில்லை. சுருண்ட முடி, மூக்குக் கண்ணாடி, நோஞ்சான் உடம்பு. கேலிக்கும் அடிக்கும் வேறென்ன வேண்டும்? மாலையில் வீடு திரும்பினால், "இன்று எத்தனை முறை அழுதாய்?" என்று தாயார் கேட்பாராம், மகன் விரல்விட்டு எண்ணிச் சொல்வாராம். அந்தப் பிள்ளைக்குப் பென்சில்தான் துணையாயிற்று. நோட்டுப் புத்தகங்களில் கட்டங்கட்டமாகக் கதை வரைந்தார். ஒருவன் பார்த்தான், பிறகு நால்வர் பார்த்தனர். நாளடைவில் வகுப்பே அடுத்த பக்கத்துக்குக் காத்திருந்தது. சீண்டிக்கொண்டிருந்த பிள்ளைகளும் நண்பர்களாயினர்.

ஐந்தாம் வகுப்பில் அவர் வரைந்த நீண்ட கதையொன்று ஆசிரியரின் கையில் சிக்கியது. நோட்டுப் புத்தகம் ஆசிரியர்கள் அறைக்குச் சென்றது. அங்கே நிகழ்ந்ததுதான் விசேஷம். ஒருவர் படித்து மற்றொருவருக்குக் கொடுக்க, அவர் வேறொருவருக்குக் கொடுக்க, வகுப்பில் சுற்றியது போலவே அது ஆசிரியர்களிடையேயும் சுற்றி வந்தது. அதன் பிறகு அப்பிள்ளை வரைவதைப் பள்ளி கண்டுங்காணாமல் விட்டுவிட்டது.

இவ்விடத்தில் என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை. முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியைப் படித்து மயங்கித் திரிந்த பதினோராம் வயதில் நானும் ஒரு புத்தகம் வரைந்தேன். என் தந்தையாரும் ரயில்வே ஊழியர். பின்பக்கம் வெற்றாக இருக்கும் பழைய பாரங்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். அவற்றை மடித்துச் சணல் நூலால் தைத்தேன். கதாநாயகன் ஒரு கீமேன். நள்ளிரவில் லைன் பார்த்து வரும்போது தண்டவாளம் முறிந்து கிடப்பதைக் காண்கிறான். தூரத்தில் மெயில் வண்டி வருகிறது. அதுவரை வரைந்து, 'தொடரும்' போட்டு, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பையனிடம் கொடுத்தேன். வகுப்பில் அவன் கையிலிருந்து அது பிடிபட்டது. ஆசிரியர் இரண்டாகக் கிழித்தார். பிறகு நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். அவர் பெயர் வேண்டா. நல்ல மனிதர், இன்று நான் பிழையின்றிக் கூட்டிக் கழிப்பதெல்லாம் அவர் போட்ட பிச்சை. எனக்குப் பெருந்திறமை இருந்தது, அது பாழாயிற்று என்று சொல்ல வரவில்லை. அதன் பிறகு நான் வரையவில்லை, அவ்வளவே. மெயில் வண்டி நின்றதா என்று அந்தப் பையன் வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜப்பானுக்குத் திரும்புவோம். தெஸூகா 1941இல் ஒஸாகாவின் கித்தானோ நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தார். அவ்வாண்டின் இறுதியில் ஜப்பான் அமெரிக்காவோடும் பிரிட்டனோடும் போரில் இறங்கியது. நாடே ஆயுதமேந்தி நிற்கையில் பொம்மைக் கதை வரைவது வெட்கக்கேடான செயலாகக் கருதப்பட்டது. காகிதத்துக்குப் பஞ்சம், சோற்றுக்கும் பஞ்சம். பயிற்சி முகாமில் கைகளில் தோல்நோய் கண்டு, கைகளையே இழக்க வேண்டியிருக்குமோ என்னும் நிலைக்குச் சென்று மீண்டார். அந்தக் கைகளைக் காத்த மருத்துவரை நினைத்தே தாமும் மருத்துவராக விரும்பினார் என்பர்.

மாணவர்களைத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அவர் ஒளிந்து வரைந்தார். வரைந்ததை யாரிடம் காட்டுவது? கழிவறைச் சுவரில் ஒட்டிவைத்தார்! உட்கார்ந்தவன் படித்துத்தானே ஆகவேண்டும்? பத்திரிகை நடத்த இதைவிடப் பாதுகாப்பான இடம் அக்காலத்து ஜப்பானில் இருந்திராது.

1945 ஜூன் 7ஆம் நாள் ஒஸாகா நகரின்மீது பெருங்குண்டு வீச்சு நடந்தது. அன்று காவற் கோபுரத்தின்மேல் நின்றிருந்தவர் அவர். சுற்றிலும் நெருப்பு, யோதோ ஆற்றங்கரையெங்கும் பிணங்கள். உயிர்தப்பிய பதினாறு வயதுப் பிள்ளை பிறகு தொழிற்சாலைப் பக்கமே போகவில்லை. வீட்டில் அமர்ந்து வரைந்துகொண்டேயிருந்தார். அச்சிடுவார் இல்லை, வாங்குவார் இல்லை, நாளை இருப்போமா என்பதும் தெரியாது. போர் முடிந்தபோது அவ்வாறு வரைந்து சேர்ந்தவை ஏறத்தாழ 3,000 பக்கங்கள் என்று சொல்லப்படுகிறது. சரக்குக் கணக்கே ஆயினும் 3,000 பக்கம் எழுதுவது எத்தகைய உழைப்பு என்பதை நான் அறிவேன்.

ஆகஸ்டு 15ஆம் நாள் போர் ஓய்ந்தது. அன்றிரவு ஒஸாகாவில் மீண்டும் எரிந்த விளக்குகளைக் கண்டு, தாம் பிழைத்துவிட்டதை உணர்ந்ததாகப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார். 1946 ஜனவரி 4 முதல் சிறுவர் செய்தித்தாளொன்றில் அவருடைய முதல் தொடர் சித்திரம் வெளியாயிற்று. வயது பதினேழு. மறு ஆண்டுத் தொடக்கத்தில், ஷிச்சிமா ஸாக்காய் என்பவரோடு இணைந்து படைத்த 'புதிய புதையல் தீவு' வெளிவந்தது. மட்டக் காகிதத்தில் அச்சிட்டு மிட்டாய்க் கடையில் விற்கும் மலிவு வகைப் புத்தகம்; நான்கு லட்சம் பிரதிகள் விற்றதாகக் கூறுவர். மாணவனாயிருந்தபோது நோட்டுப் புத்தகத்தில் வரைந்து தோழர்களுக்குக் காட்டிய 'மறைந்த உலகம்' என்னும் கதையும் திருத்தி வரையப்பெற்று 1948இல் அச்சேறியது. மருத்துவப் படிப்பையும் அவர் விடவில்லை. மருத்துவமா, சித்திரமா என்று கலங்கியபோது, "உனக்கு எது பிடிக்கும்?" என்று தாயார் கேட்டார். சித்திரம் என்றார். அப்படியானால் அதையே செய் என்றார் அந்த அம்மையார்.

'புதிய புதையல் தீவு' சென்றடைந்த ஊர்களில் ஒன்று, வடகடற்கரைப் பக்கத்துத் தக்காஓக்கா. அங்கே ஹிரோஷி புஜிமோட்டோ, மோட்டோ அபிகோ என்ற இரு பள்ளித் தோழர்கள் அதைப் படித்துத் திகைத்துப் போயினர். காகிதத்தில் திரைப்படம் ஓடுவது போலிருந்ததாம். இவர்களே நான் முன்பு சொன்ன ஒற்றைப் பிரதிப் பத்திரிகைக்காரர்கள். அதில் தொடர்கதை உண்டு, விளம்பரமுங்கூட உண்டு. எல்லாம் கையால் வரைந்தவை. பின்னர் ஒரு கதையைத் தாமே வரைந்து எடுத்துக்கொண்டு தக்காரஸூகாவுக்கு ரயிலேறிச் சென்று தெஸூகாவிடம் காட்டினர். அவர் அந்தக் கையெழுத்துப் படியைப் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தார். இருவரில் புஜிமோட்டோவே 1969இன் இறுதியில் டோரேமானைப் படைத்தவர்.

ஷோதாரோ இஷினோமோரி என்னும் மற்றொரு மாணவர் 1950களில் 'ஒரு சொட்டு மை' என்ற பொருள்படும் பெயரில் சுற்றுப் பத்திரிகை நடத்தினார். பல ஊர்ப் பிள்ளைகள் அனுப்பிய மூலச் சித்திரங்களையே சேர்த்துத் தைத்து, தபால் வழியே வீடுவீடாக அனுப்புவது. இடையில் தொலைந்தால் வேறு பிரதி கிடையாது! இத்தகைய சுற்றுப் பத்திரிகைகளில் படித்தவர் கருத்தெழுத வெற்றுத்தாள் விடுவது வழக்கம். நம்மவர் ஊர்தோறும் நடத்திய கையெழுத்துப் பத்திரிகைகளை அறிந்த மூத்த அன்பர்களுக்கு இது புதிதாய்த் தோன்றாது. பிறகு நகலெடுக்கும் வசதி வந்தது. 1975 டிசம்பரில் டோக்கியோவில் முதன்முறையாக, இவ்வாறு சொந்தமாகச் செய்த சித்திரப் புத்தகங்களுக்கென்றே ஒரு சந்தை கூடியது. 32 குழுக்கள், ஏறத்தாழ 700 பேர். இன்று அதற்கு வருவோர் லட்சக்கணக்கினர்.

தெஸூகா 1972 முதல் 1983 வரை நம் நாட்டுப் புத்தர் பெருமானின் வரலாற்றைச் சித்திரக்கதையாக வரைந்தார் என்பதையும் நாம் அறிதல் நலம். 1989 பிப்ரவரி 9ஆம் நாள் அறுபதாம் வயதில் காலமானார். அவருடைய நினைவுக் காட்சிசாலை 1994 முதல் தக்காரஸூகாவில் இருக்கிறது.

நம் காலனிப் பிள்ளைகள் எண்மர் இவ்வாண்டுக் கோடை விடுமுறையில் தமிழில் சித்திரக்கதைப் புத்தகம் ஒன்று செய்திருக்கின்றனர். எழுத்துப் பிழைகள் உள்ளன, நான் திருத்தவில்லை. விழா நாளன்று சங்க நூலக மேசையின்மேல் அது இருக்கும். ஒரே பிரதிதான், பஜ்ஜி தின்ற கையோடு தொடவேண்டா. இறுதியில் படிப்போர் கருத்தெழுத ஆறு பக்கங்கள் விட்டிருக்கிறோம். நடுவே உள்ள நான்கு பக்கங்கள் என் கைவேலை. கீமேன் சிவப்பு விளக்கை வீசுகிறான், வண்டி நிற்கிறது. எஞ்சின் பூசணிக்காய் போலிருக்கிறது என்று ஒரு சிறுமி இப்போதே எழுதிவிட்டாள்.