லைட் டியூட்டி

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு 'ஃபிட்னஸ்' என்றால் உடற்பயிற்சி அல்ல, ஒரு தாள். மெடிக்கல் லீவில் போனவர் அதைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட முடியும். எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷனில் நான் இருந்த வருஷங்களில் இப்படி வந்த தாள்களுக்குக் கணக்கில்லை.

விதி பழையது. 1922 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த அடிப்படை விதிகளில் 71-ஆவது விதி அது. வெள்ளைக்காரன் எழுதியதைச் சுதந்திர இந்தியாவும் வைத்துக்கொண்டது. 1972-ஆம் வருஷத்து மத்திய அரசு விடுப்பு விதிகளில் 24-ஆவது விதியாகவும் ஐந்தாம் படிவமாகவும் அது மறுபடி வந்தது. புதுச்சேரியில் நாங்கள் கையாண்டது இந்தப் படிவத்தைத்தான். நோய் குணமாகிவிட்டது, பணிக்குத் திரும்பத் தகுதி உண்டு என்று டாக்டர் கையெழுத்திட வேண்டும். அதுவும் லீவுக்குக் கொடுத்த பழைய சான்றுகளைப் பார்த்த பிறகுதான்.

அந்தப் படிவத்தில் 'பாதி' என்பதற்கு இடமில்லை. ஒன்று தகுதி, இல்லையென்றால் தகுதியில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பியூன் இருந்தார், என்னைவிடப் பெரியவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். தபால் கொண்டுபோகும்போது சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மாதக்கணக்கில் படுத்துவிட்டு எழுந்து வந்தார். டாக்டர் நேர்மையானவர், 'லைட் டியூட்டிக்குத் தகுதி' என்று எழுதினார். மேலதிகாரி தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "லைட் டியூட்டின்னு ரூல்ல எங்கய்யா இருக்கு?" விதிப்படி அவர் சொன்னது சரி. ஆனால் அதற்குள் அரைச்சம்பள லீவும் தீர்ந்து, சம்பளமில்லாத லீவு ஓட ஆரம்பித்துவிட்டது. கடைசியில் வேறொரு டாக்டர், இரக்கப்பட்டுத்தான், வெறும் 'ஃபிட்' என்று எழுதிக் கொடுத்தார். அண்ணன் பைல் கட்டுகளோடு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். முதல் டாக்டர் உண்மையை எழுதினார், அதற்கு விலை கொடுத்தது இவர்.

பிரெஞ்சு படித்த எனக்கு இது விசித்திரமாகப் பட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்த சொல்தாக்கள் சிலர் இருந்தார்கள். காயத்துக்குப் பென்ஷன் வாங்குகிறவர்கள் அதைச் சதவீதத்தில் சொல்வார்கள். எனக்கு இத்தனை 'பூர்சான்', அவருக்கு அத்தனை என்று திண்ணைப் பேச்சே நடக்கும். முதல் உலகப் போர் முடிந்து ஊனமுற்றவர்கள் ஊர் ஊராகத் திரும்பியபோது பிரான்சில் போட்ட 1919 மார்ச் 31 சட்டம் அது. உடம்பில் எவ்வளவு போயிற்று என்று அளந்தால், எவ்வளவு மிச்சம் என்பதும் தெரிந்துவிடுகிறது. நம் படிவம் அதைக் கேட்கவே இல்லை.

இங்கே அந்தக் கேள்வி வர 1995 ஆயிற்று. மாற்றுத்திறனாளிகளுக்கான அந்த வருஷத்துச் சட்டத்திலும் அளவு சதவீதம்தான், 40. அதன் 47-ஆவது பிரிவு, பணியில் இருக்கும்போது ஊனமடைந்தவரை நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது என்றது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை, அதுவும் இல்லாவிட்டால் ஓய்வு வயது வரை அவருக்கென்றே ஒரு கூடுதல் பணியிடம். சட்டம் வந்தும் அலுவலகங்கள் பழைய வழியிலேயே போயின. எஸ்.எஸ்.பி. காவலர் குணால் சிங் பணியில் அடிபட்டுக் காலை இழந்தார், தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். 2003-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஊனத்துக்கான பென்ஷன் கொடுத்துவிட்டோம் என்று காரணம் காட்டி 47-ஆவது பிரிவின் பாதுகாப்பை மறுக்க முடியாது என்றது. 2016-ஆம் வருஷத்துப் புதுச் சட்டத்திலும் 20-ஆவது பிரிவில் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது.

தீர்ப்புக்குப் பிறகு என் மேசைக்கு ஒரு டிரைவரின் பைல் வந்தது. ஒரு கண் போய்விட்டது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று மெடிக்கல் போர்டு எழுதியிருந்தது. அவரை அதே சம்பளத்தில் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். டிரைவர் கையெழுத்து, அவர் பதிந்த தபால் ரிஜிஸ்தரைப் படிக்க நாங்கள் பட்டபாடு தனிக்கதை.