பலகையில் எழுதிய வரி

"இங்கே மிளகாய் அரைக்கப்பட மாட்டாது" என்று மாவு மில் வாசலில் ஒரு பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கல் எப்படிச் சுழல்கிறது என்பது அரிசி கொண்டு போகிறவளுக்கு வேண்டாத விஷயம். எதைக் கொடுக்கலாம், என்ன கிடைக்கும் என்று தெரிந்தால் போதும். கம்ப்யூட்டர் புரோகிராமிலும் அப்படி ஒரு பலகை உண்டு. இன்ன வகைச் சரக்கை வாங்கி இன்ன வகைச் சரக்கைத் தருவேன் என்று ஒவ்வொரு சார்பும் சொல்லும் ஒற்றை வரி அது. வகை அறிவிப்பு என்பார்கள்.

1970-களில் எடின்பரோ சர்வகலாசாலையில் ராபின் மில்னரும் சகாக்களும் கம்ப்யூட்டரைக் கொண்டு கணித நிரூபணங்கள் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு பயம். யாரோ எழுதிய புரோகிராம், நிரூபிக்காத ஒன்றைத் தேற்றம் என்று நீட்டிவிட்டால்? அதற்காகவே எம்.எல். என்ற மொழியை உண்டாக்கினார்கள். அதில் தேற்றம் என்பதே ஒரு வகை. அனுமான விதிகளின் வழியாக அல்லாமல் அந்தச் சரக்கை யாராலும் தயாரிக்க முடியாது. பொய்க்கு வாசலிலேயே தடை!

ஒவ்வொரு சார்புக்கும் பலகை எழுதுவது சள்ளை பிடித்த வேலை அல்லவா? கம்பைலரே உள்ளே எட்டிப் பார்த்து எழுதிக்கொள்ளும் வழியை மில்னர் 1978-இல் வெளியிட்டார். ஒரு பட்டியலின் நீளத்தை எண்ணும் சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஒன்றாகக் கூட்டுகிறது. ஆகவே விடை எண். பட்டியலைப் பிரிக்கிறது, ஆகவே வாங்குவது பட்டியல். உள்ளே இருப்பதைத் தொடுவதே இல்லை. ஆகவே புத்தகமானாலும் வாழைப்பழமானாலும் சரி. இதே வழியை ரோஜர் ஹிண்ட்லி 1969-லேயே தர்க்க சாஸ்திரத்தில் கண்டிருந்தார். மில்னருக்கு அது பிற்பாடுதான் தெரிந்ததாம்.

கம்பைலரே கண்டுபிடிக்கும் வரியை மனிதன் ஏன் எழுத வேண்டும்? கம்பைலர் எழுதும் பலகை, உள்ளே நடப்பதைச் சொல்லும். நடக்க வேண்டியதைச் சொல்லாது. தவறுதலாக மிளகாயை அரைத்தால், "மிளகாய் மில்" என்று சிரத்தையாக எழுதி வைத்துவிடும். நம் கையால் எழுதிய வரி இருந்தால்தான் தப்பு அதில் போய் முட்டிக்கொள்ளும்.

சைமன் மார்லோ 2002-இல் ஹாஸ்கெல் மொழிக்காக ஹாடக் என்ற கருவியைச் செய்தார். மூலக் கோப்புகளிலிருந்து வகை அறிவிப்புகளையும் குறிப்புகளையும் பிரித்தெடுத்துப் படிக்கும் பக்கங்களாக ஆக்குவது அதன் வேலை. கடைத்தெருவில் நடந்து பலகைகளை மட்டும் நகல் எடுப்பது போல! முதலில் ஆசிரியர் எழுதிய வரிகளையே அது பொறுக்கியது, பிற்பாடுதான் ஜி.எச்.சி. கம்பைலரின் துணையோடு எழுதாதவற்றையும் தெரிந்துகொண்டது.

அந்த ஜி.எச்.சி.யிடமும் ஒரு வேடிக்கை. எல்லா எச்சரிக்கைகளையும் கேட்டு வாங்கினால், "இந்தச் சார்புக்கு வகை எழுதவில்லையே" என்று கடிந்துகொண்டு, தான் கண்டுபிடித்த வரியையும் கீழே அச்சிட்டுக் காட்டும். அதை அப்படியே பெயர்த்து ஒட்டிவிட்டு எச்சரிக்கை தீர்ந்தது என்று நகர்ந்துவிடுகிறவர்கள் உண்டு.