டேட்டாபேஸ் பூட்டும் ராஜராஜன் ஓலையும்

பொட்டி தட்டுறவனுக்கு வரலாறு எதுக்குன்னு கேக்காதீங்க. ஒரு பிழைதான் என்னை அங்க கொண்டுபோய் விட்டுச்சு.

தஞ்சாவூர் பக்கம் சொந்தக்காரர் ரைஸ் மில்லுக்கு ரெண்டு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். எடைமேடைக்கு ஒண்ணு, பில் போட ஒண்ணு. ரெண்டுக்கும் பொதுவா ஒரே எஸ்கியூலைட் ஃபைல். அறுவடை சமயத்துல ஒரு லாரி நெல் கணக்குலயே ஏறலை. பில் எழுதிட்டிருந்த நேரத்துல எடைமேடையும் எழுதப் போயிருக்கு. 'பூட்டியிருக்கு'ன்னு பதில் வந்திருக்கு. அதை நான் கண்டுக்காம விட்டிருந்தேன். நெல்லைக் கொண்டு வந்த விவசாயி ரெண்டு மணி நேரம் வாசல்ல நின்னார்.

எஸ்கியூலைட்டை 2000-ல் எழுதியவர் ரிச்சர்ட் ஹிப். அமெரிக்கப் போர்க்கப்பலுக்கான வேலையில், டேட்டாபேஸ் சர்வர் படுத்தா அவரோட புரோகிராமும் படுத்துடும். அதனால சர்வரே வேணாம், ஒரு ஃபைல் போதும்னு முடிவு பண்ணினார். நடுவுல ஆள் இல்லாததால பூட்டுதான் காவல். எத்தனை பேர் வேணா படிக்கலாம். எழுதறது ஒரு நேரத்துல ஒருத்தர்தான்.

இதே சிக்கலை நம்ம டெல்டா ஆயிரம் வருஷம் முன்னாடியே பார்த்திருக்கு. ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், 1006 வாக்கில், நாகப்பட்டினம் சூடாமணி விஹாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தார். 97 வேலிக்குச் சற்று மேல் நிலம், 8943 கலத்துக்கு மேல் நெல் வரி. லெய்டன் செப்பேட்டில் இந்தக் கணக்கு இருக்கு.

ஆனா அரசர் வாயால சொன்னதோட வேலை முடியலை. ஓலை எழுதணும், ஓலைநாயகம் ஒப்பணும். புரவுவரி, வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலிடு, பட்டோலைன்னு பல அதிகாரிகள் கூடி வரிக்கணக்குல ஏத்தணும். அப்புறம் எல்லையைச் சுத்திப் பெண் யானையை நடத்தணும்.

முன்னாடி இதைப் படிச்சப்ப, 'அப்பவே இவ்வளவு சிவப்பு நாடாவா'ன்னு சிரிச்சேன். இப்ப சிரிப்பு வரலை. பல பேர் பார்க்கற ஒரே கணக்கு. ஒரு அதிகாரி கையில பழைய வரி, இன்னொருத்தர் கையில புது வரின்னா என்ன ஆகும்? அதே நெல்லை அரண்மனையும் கேக்கும், விஹாரமும் கேக்கும். ரெண்டு தடவை அளக்க வேண்டியவன் ஆனைமங்கலத்துல உழுதவன். பூட்டு காப்பாத்தறது கணக்கை மட்டுமில்ல, அந்த அறையிலயே இல்லாத ஒருத்தனையும்தான்.

இப்ப என் எடைமேடை புரோகிராம் பூட்டியிருந்தா சில விநாடி காத்திருக்கும். அப்பவும் எழுத முடியலேன்னா கத்தும். அந்த விவசாயி அடுத்த போகத்துக்கும் அதே மில்லுக்குத்தான் வந்தார் :)