தாணு என்று ஒரு பேரு

‘தாணு’ன்னு சொன்னா சென்னைக்காரங்க உங்களுக்கு சினிமா போஸ்டர்தான் ஞாபகம் வரும். ‘கபாலி’ படத்தைத் தயாரித்தவர் பேரு. அதுக்கு மேல அந்தப் பேருல இன்னொரு ஆளை நீங்க பாத்திருக்கிறது சந்தேகம்தான். எங்க நாஞ்சில் நாட்டுல கதை வேற. நான் சின்னப் பையனா இருந்த காலத்தில் எங்க தெருவுல மட்டும் நாலு தாணு. வைத்தியர் தாணு, வடக்கு வீட்டுத் தாணு, கறுத்த தாணு, சின்னத் தாணு. வெறும் ‘தாணு’ன்னு கூப்பிட்டா நாலு வீட்டு நடையிலிருந்தும் ‘ஏன் வே’ன்னு சத்தம் வரும். இதுபோக சிவதாணு, தாணுலிங்கம், தாணுமாலயப் பெருமாள்ன்னு அதே பேருக்கு நீட்டி முழக்கின உருவங்களும் உண்டு.

இப்போ எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஒரு தாணுகூட இல்லை.

இந்தப் பேரு எங்க மண்ணுக்கு வந்த வழி சுசீந்திரம் கோயில். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போற ரோட்டுல, பழையாற்றங்கரையில் ஏழு நிலைக் கோபுரத்தோட நிக்குதே, அதுதான். சாமி பேரு தாணுமாலயன். தாணு என்றால் சிவன், மால் என்றால் திருமால், அயன் என்றால் பிரமன். மூணு பேரையும் ஒண்ணாச் சேத்த பேரு. மலையாளத்துல எழுதும்போது ‘ஸ்தாணுமாலயன்’ன்னு முதல் எழுத்தைச் சேத்து எழுதுவாங்க. ‘ஸ்தாணு’ வடமொழிச் சொல். அசையாமல் நிற்கிறது, தூண், கிளையும் இலையும் போன பிறகு நிக்கிற அடிமரம், இதெல்லாம் அதுக்கு அர்த்தம். தாபனம் என்கிற சொல்லுக்கு எது வேரோ அதுவேதான் இதுக்கும் வேர். கோயிலுக்குள்ள கொன்றையடின்னு ஒரு சன்னதி இருக்கு. மூணு தெய்வமும் அந்தக் கொன்றை மரத்தடியில் எழுந்தருளினதாக ஊர் நம்பிக்கை. ஆக, அடிமரம் என்கிற அர்த்தம் எங்க ஊர்க்காரனுக்கு அகராதி பாத்துத் தெரிய வேண்டியதில்லை.

சாமி பேரைப் பிள்ளைக்கு வைக்கிறது எல்லா ஊருலயும் உள்ளதுதான். ஆனா எங்க பக்கம் சாமிகளையே சொந்தக்காரங்க மாதிரித்தான் நடத்துவோம். சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழாவின் மூணாம் நாள் ‘மக்கள்மார் சந்திப்பு’ன்னு ஒண்ணு நடக்கும். கோட்டாறு விநாயகரும் வேளிமலைக் குமாரசாமியும் மருங்கூர் சுப்பிரமணியரும் அம்மை அப்பனைப் பாக்க சுசீந்திரத்துக்கு வருவாங்க. வேளிமலையிலிருந்து அது நல்ல தூரம், இருந்தாலும் வருஷம் தவறாது. அப்படி உறவு கொண்டாடுற ஊருல, சாமி பேரை வைக்கிறது பெரியப்பா பேரை வைக்கிற மாதிரிதான். பூதப்பாண்டிப் பக்கம் பூதலிங்கம், நாகர்கோவிலைச் சுத்தி நாகராஜன், நாகம்மாள், சுடலைமாடன் காவல் இருக்கிற ஊருல சுடலைமுத்து. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் அப்பா பேரு சுடலைமுத்து, அம்மா பேரு இசக்கியம்மாள். கோட்டாறு சவேரியார் கோயிலைச் சேர்ந்த வீடுகளில் சவரிமுத்து. வழி ஒண்ணுதான், கோயில்தான் வேற.

தாணு என்ற பேருக்கு சுசீந்திரத்துக்கு வெளியேயும் பழைய சாட்சி உண்டு. கி.பி. 849இல் கொல்லத்தில் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவ தேவாலயத்துக்கு வேணாட்டு அய்யனடிகள் நிலமும் உரிமைகளும் கொடுத்து ஒரு செப்பேடு எழுதினார். வட்டெழுத்தில் எழுதின அந்தச் செப்பேடு, அப்போ ஆண்ட சேர மன்னனின் ஐந்தாம் ஆட்சியாண்டில் எழுதப்பட்டது. மன்னன் பேரு கோத்தாணு இரவி. ‘கோ’ என்றால் அரசன், பேரு தாணு இரவி. தஞ்சாவூர்ப் பக்கம் தில்லைஸ்தானத்துக் கல்வெட்டிலும் சோழ மன்னனோட சேத்து இவன் பேரு வருது. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு சேர ராஜா ‘ஸ்’ எல்லாம் இல்லாமல், நாம இப்போ கூப்பிடுற மாதிரியே தாணுவாகத்தான் இருந்திருக்கான். ஒரு வைணவப் பேரும் இல்லாத சிவன் பேரு, கிறிஸ்தவப் பள்ளிக்குக் கொடுத்த செப்பேட்டில் நிக்குது. பேருக்கு மதம் பாக்கத் தெரியாது போல.

ராஜா வச்ச பேரு நம்ம தெரு வரைக்கும் தேஞ்சு போகாமல் வந்ததுக்குக் காரணம் பெயரன் முறை. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பாட்டனின் பெயரைச் சுமக்கிறவன். மூத்த மகனுக்கு மூத்த மகன் பிறந்தா அப்பனைப் பெத்தவர் பேருதான், யாரும் யோசிக்கிறதே இல்லை. இதுல ஒரு சிக்கல் என்னன்னா, வீட்டு மருமகள் மாமனார் பேரைச் சொல்லக் கூடாது. பெத்த பிள்ளையை அந்தப் பேரு சொல்லி எப்படி அதட்டுறது? அதனால வீட்டுக்குள்ள அவன் ராசா, தம்பி, மக்கா. வெளியேதான் தாணு. சில பேருக்கு தன் பேரு தாணுன்னு தெரியவந்ததே பள்ளிக்கூடத்தில் சேத்த அன்னைக்குத்தான். விதைநெல் மாதிரி பாத்துக்கோங்க. ஒரு பூ விட்டு ஒரு பூ பத்தாயத்திலிருந்து எடுத்து விதைக்கணும், விதைச்சாத்தான் அடுத்த விதைநெல். பாட்டன் பேரு பேரனுக்குப் போனாத்தான் அவன் பேரனுக்கும் போகும்.

இந்தப் பேருல என்னை ரொம்ப யோசிக்க வச்ச விஷயம் வேற. சுசீந்திரம் கோயிலுக்குள்ள நாடார், ஈழவர், பறையர், புலையர் யாரும் போக முடியாத காலம் ஒண்ணு இருந்தது. உள்ளே போறது கிடக்கட்டும், கோயிலைச் சுத்தின தெருவிலயே நடக்கக் கூடாது. 1926இல் டாக்டர் எம்.இ. நாயுடு முதலானவர்கள் சத்தியாக்கிரகம் நடத்தினதே தெருவில் நடக்கிற உரிமைக்குத்தான். 1936 நவம்பர் 12ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜா ஆலயப் பிரவேச அறிவிப்பில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நடை எல்லாருக்கும் திறந்தது. ஆனா, 1957இல் நாகர்கோவில் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர் பேரு தாணுலிங்க நாடார். அவர் பிறந்தது 1936க்கு முன்னாலதானே இருக்க முடியும்? ஆளை உள்ளே விடாத கோயிலின் சாமி பேரு, அந்த ஆளின் வீட்டுக்குள்ள அதுக்கு முன்னாலேயே போயிருக்கு. பேரை மறிக்க எந்த வாசல்காரனாலும் முடியலை. எந்தச் சாதி எந்தத் தெருவில் நடக்கலாம்னு சட்டம் போட்ட ராஜ்யத்திலும், யாரு என்ன பேரு வைக்கலாம் என்பது அவங்கவங்க தொட்டிலோட காரியமா இருந்தது.

இன்னொரு கதை. இந்தப் பேரு எங்களைச் சுட்ட கதையும் உண்டு. 1954இல் திருவிதாங்கூர்–கொச்சி முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை. திருவனந்தபுரத்துக்காரர். மலையாளத்திலும் அவர் பேரை ‘ஸ்’ இல்லாமல் தாணு என்றுதான் எழுதுவாங்க. எங்க தமிழ்ப் பகுதியைத் தமிழ்நாட்டோட சேக்கணும்னு நேசமணி தலைமையில் போராட்டம் நடந்த நேரம் அது. 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. ஆட்கள் செத்தாங்க. சுட்ட அரசாங்கத்துக்குத் தலைவர் ஒரு தாணு. போராடின திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் தலைவர்களில் ஒருத்தர் மேலே சொன்ன தாணுலிங்க நாடார். ரெண்டு பக்கமும் ஒரே சாமி. 1956 நவம்பர் 1இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் தமிழ்நாட்டுக்கு வந்தது. எல்லைக் கல் நட்டு மண்ணைப் பிரிச்சாச்சு. பேரைப் பிரிக்க முடியலை. அங்கேயும் தாணு, இங்கேயும் தாணு.

தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் அப்பா பேரு சிவதாணு. பிரம்மோஸ் ஏவுகணைத் திட்டத்தை நடத்தின விஞ்ஞானி, நாகர்கோவிலில் பிறந்தவர், அவர் பேரும் சிவதாணு பிள்ளைதான். ஏறக்குறைய நூறு வருஷ இடைவெளி. பேருல ஒரு எழுத்து மாறலை.

அப்புறம் எப்படி அறுந்தது? பேரை மாத்திக்கிறது புதுசு இல்லை. பூதப்பாண்டியில் பிறந்த ஜீவாவுக்கு வீட்டில் வச்ச பேரு சொரிமுத்து. குலதெய்வம் சொரிமுத்து ஐயனார் பேரு. தனித்தமிழ் ஆர்வத்தில் ‘உயிரின்பன்’ன்னு ஆனார், பிறகு ஜீவானந்தமாவே நிலைச்சார். அவர் மாத்தினதுக்கு ஒரு கொள்கை இருந்தது. இப்போ யாரும் கொள்கைக்காக தாணுவை விடலை. எண் கணிதக்காரன் வேற எழுத்து சொல்லுறான். மருமகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கா, கைபேசியில் பேரு தேடுறா. அதுவும் தப்பில்லை, பத்து மாசம் சுமந்தவ அவதான். வடக்கே ‘தனு’ என்றால் பெண்பிள்ளை பேரு. ஆங்கிலத்தில் எழுதி வாசிச்சா ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கும். மும்பையில் வேலை பாக்கிற எங்க ஊர்ப் பையன் ஒருத்தனுக்கு ஆபீஸ் கடிதமெல்லாம் ‘செல்வி’ன்னு வந்ததுல, அவன் தன் பேருக்கு முன்னால சிவத்தைச் சேத்துக்கிட்டான். ஒரு வீட்டுக்கு ஒரே பிள்ளைன்னு ஆன பிறகு, ரெண்டு பாட்டனில் யார் பேரை வைக்கிறதுங்கிற சண்டையைத் தவிர்க்க ரெண்டு பேரு பேரையும் விட்டுடுறாங்க.

நல்லது என்னன்னா, பேரு முழுசா அழியுறதுக்கு முன்னால இன்னொரு தலைமுறை ஒரு மூலையில் ஒளிஞ்சிருக்கும். முதலெழுத்தில். ஆதித்யாவோ ரித்விக்கோ, அவன் அப்பாவின் பள்ளிச் சான்றிதழைப் பாத்தா பேருக்கு முன்னால ஒரு ‘தா.’வோ ‘சி.’யோ நிக்கும். மகனுக்கு வரும்போது அதுவும் மாறிப்போகும்.

உங்க அப்பாவுக்கும் அப்படி ஒரு எழுத்து இருக்கும். தாணுவா இருக்கணும்னு இல்லை. உங்க குடும்பம் கிளம்பி வந்த ஊரின் சாமி பேரா இருக்கலாம், அந்த ஊரோட உங்களுக்கு மிச்சமிருக்கிற ஒரே ஒட்டு அந்த ஒரு எழுத்தாவும் இருக்கலாம். அதுக்கு விரிவு என்னன்னு, சொல்லத் தெரிஞ்சவங்க வீட்டில் இருக்கும்போதே கேட்டு வச்சுக்கோங்க.