சாவித்திரிக்கு முகம் தந்த ஸ்ரீவைகுண்டத்துப் பெண்

போலீஸ் ஸ்டேஷன் கிடையாது, சாராயக்கடை கிடையாது, சினிமாக் கொட்டகையும் கிடையாது என்று காயல்பட்டினத்துக்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஊரில் திருநெல்வேலி ரயில் ஏறினால் ஆறுமுகநேரி, குரும்பூர், நாசரேத், ஆழ்வார்திருநகரி தாண்டி ஸ்ரீவைகுண்டம் வந்துவிடும். தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்ககாலக் கதாநாயகி எஸ்.டி. சுப்புலட்சுமியின் ஊர் அது. தகப்பனார் பெயர் துரைசாமி.

நாடக மேடையில் எம்.கே. தியாகராஜ பாகவதரோடு ஜோடியாக நடித்துப் பேர் வாங்கிய பிறகுதான் சுப்புலட்சுமி சினிமாவுக்கு வந்தார். அந்த ஜோடியின் ‘பவளக்கொடி’ நாடகம் 1934இல் படமானது. இயக்கியவர் கே. சுப்பிரமணியம். அவருக்கும் பாகவதருக்கும் சுப்புலட்சுமிக்கும் அதுவே முதல் படம். பின்னர் இயக்குநரையே அவர் மணந்துகொண்டார். 1936இல் வந்த ‘பக்த குசேலா’வில் கிருஷ்ணனும் அவரே, குசேலரின் மனைவியும் அவரே.

அவருடைய பெயர் நிலைக்க வேண்டியது 1939இல் வெளிவந்த ‘தியாகபூமி’க்காக. கல்கியின் கதை ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, ஓவியங்களுக்குப் பதில் படத்தின் புகைப்படங்களையே அச்சிட்டார்கள். கொட்டகையே இல்லாத ஊர்களுக்கும் தபாலில் போய்ச் சேர்ந்த கதாநாயகி சாவித்திரியின் முகம் சுப்புலட்சுமியின் முகம்தான்.

கணவனால் விரட்டப்பட்ட சாவித்திரி, பம்பாயில் சொத்துக்கு வாரிசாகி உமாராணியாகத் திரும்புகிறாள். தன்னோடு வந்து வாழவேண்டும் என்று கணவன் வழக்குப் போடுகிறான். அவள் மறுக்கிறாள். வேண்டுமானால் அவனுக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள்! புருஷன் எப்படியிருந்தாலும் பொறுத்துப்போ என்று பெண்ணுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. இந்தப் பேச்சு வெறும் வீம்பாகவோ பணத்திமிராகவோ தொனித்திருந்தால் கதையே சாய்ந்திருக்கும். கடைசியில் அவள் தேச விடுதலைக்காகச் சிறை போகிறாள்.

1940இல் ஆங்கிலேய அரசு படத்தைத் தடை செய்தது. தடை வரப்போவது தெரிந்ததும் சென்னை கெயிட்டி தியேட்டரில் இலவசமாகவே ஓட்டினார்கள். திரண்ட கூட்டத்தின் மீது போலீஸ் தடியடி நடத்தியது.

தியாகபூமி என்றதும் கல்கி, சுப்பிரமணியம், எஸ்.எஸ். வாசன், பாபநாசம் சிவன் என்று வரிசையாகச் சொல்கிறோம். சாவித்திரியாக நடித்தவர் யார் என்று கேட்டால் தயங்குகிறோம். ‘சேவாசதன’த்தில் நடித்த எம்.எஸ். சுப்புலட்சுமிதானே என்பவர்களும் உண்டு. இது பெரிய அநியாயம். அந்தப் பாத்திரத்தின் துணிச்சலை ஜனங்கள் நம்பியதற்கு அதை ஏற்று நடித்தவருடைய நடிப்பும் காரணம்.

ஸ்ரீவைகுண்டத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய பெட்டிகளில் அவருடைய நாடக நோட்டீஸோ, படப் பாட்டுப் புத்தகமோ, போட்டோவோ கிடந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பக்கத்து நூலகத்தில் ஒப்படையுங்கள்.