ஏரியில் பாடு, மைதானத்தில் வரம்பு

பழவேற்காடு ஏரியில் வளர்ந்த இறால், நீர் வற்றிக் கடலுக்கு ஓடும் நேரத்தில் முகத்துவாரத்தை நோக்கி இறங்கும். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கழிகளை ஊன்றி, சுத்துவலையின் வாயைத் திறந்து கட்டிவிட்டால் போதும். இருட்டில் தண்ணீரே இறாலைத் தள்ளிக்கொண்டு வந்து வலைக்குள் சேர்க்கும். ஆனால் அப்படி வலை கட்டத் தோதான இடங்கள் கொஞ்சம்தான், கேட்பவர்களோ நிறையப் பேர். முந்தியவருக்கே இடம் என்று விட்டிருந்தால் தினமும் அடிதடிதான். பாடு என்ற முறை பிறந்தது இந்த நெருக்கடியில்.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் அது வளர்ந்தது. ஊருக்கு வரி கட்டும் மணமான ஆண் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுகள் குழுக்களாகச் சேர, எந்தக் குழுவுக்கு எந்த இடம், எந்த நாள் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். முறை முடிந்ததும் இடம் அடுத்த குழுவுக்குப் போய்விடும். நாலு படகு இருக்கிறது என்பதால் ஒருவருக்குக் கூடுதல் முறை வந்துவிடாது. இந்தச் சமன்தான் பாட்டின் உயிர் என்று நினைக்கிறேன். கொச்சிக் காயலிலும் இதே பெயரில் இப்படியொரு ஏற்பாடு உண்டு. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் கழிவலைக்கு இடம் பிரிக்க மீனவர்கள் போட்ட குலுக்கலை, 1958இல் அரசே சட்ட விதியாக எழுதிக்கொடுத்தது.

ஐரோப்பியக் கால்பந்திலும் இதே கேள்வி எழுந்தது: பணக்காரனை எங்கே நிறுத்துவது? கடன் வாங்கி ஆட்டக்காரர்களை வாங்கிய கிளப்புகள் திவாலின் விளிம்புக்குப் போயின. 2010இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கிளப் நொடித்து, ஒன்பது புள்ளிகளை இழந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, சம்பாதிப்பதற்குள் செலவு செய் என்ற கொள்கைக்கு ஐரோப்பியக் கால்பந்து சங்கமான யூஈஎஃப்ஏ ஒப்புதல் தந்திருந்தது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் அதைத் தன் வழியில் எடுத்துக்கொண்டு, மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்றது. வரம்பை மீறிய எவர்டன் கிளப்புக்கு 2023 நவம்பரில் பத்துப் புள்ளிகள் போயின. மேல்முறையீட்டில் அது ஆறாகக் குறைந்தது.

கிளப்புகள் நொடிந்துபோகாமல் இந்த விதி காக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆட்டக்காரர் செலவு வருவாயில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது யூஈஎஃப்ஏவின் இன்றைய கணக்கு. 70 கோடி யூரோ வருவாய் உள்ள கிளப் 49 கோடி செலவழிக்கலாம். 5 கோடி வருவாய் உள்ளது மூன்றரைக் கோடியோடு நிற்க வேண்டும். விதி இருவருக்கும் ஒன்றுதான், ஆனால் பழைய பணக்காரன் எப்போதும் முன்னால். பழவேற்காட்டில் ஒருவர் சென்ற ஆண்டு பிடித்த இறாலை எடைபோட்டு இந்த ஆண்டு முறைகளைக் கொடுத்தால், கோட்டைக்குப்பம் அதை ஒரு நாள்கூட ஒத்துக்கொள்ளாது.

பாட்டுக்கு நெருக்கமானது நம் கால்பந்து லீக்கான ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) வைத்த வரம்புதான். 2020-21 சீசனில் ஒவ்வொரு அணிக்கும் சம்பள வரம்பு ரூ.16.5 கோடி. முதலாளி எவ்வளவு பெரியவர் என்று அது கேட்கவில்லை. வருவாயைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே அளவு வைப்பதே சரியான வழி என்பது என் கருத்து.

ஆனால் குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், அதில் யார் பெயர் சேரும் என்பது தனிக் கேள்வி. பழவேற்காட்டில் பாடு பட்டணவர் என்ற மீனவச் சமூகத்து ஆண்களுக்கானதாக இருந்தது. ஏற்றுமதியால் இறால் விலை ஏறிய பிறகு, அதே ஏரியை நம்பிய தலித் குடும்பங்கள் பங்கு கேட்டன. தகராறுகள் எழுந்தன. ஆழமில்லாத இடங்களில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குக் குலுக்கலில் இடமே இல்லை. உள்ளே இருப்பவர்களுக்குள் இவ்வளவு நியாயமாகப் பங்கிட்ட ஒரு முறை, வெளியே நிற்பவர்களைப் பற்றி யோசிக்காமல் போனது எனக்கு வலிக்கிறது.

ஐஎஸ்எல் வாசலும் அப்படித்தான் இருந்தது. கோயம்புத்தூரை மைதானமாகக் கொண்ட சென்னை சிட்டி, 2018-19இல் நாட்டின் இன்னொரு கால்பந்து லீக்கான ஐ-லீக்கில் பட்டம் வென்றது. அந்த வெற்றி அதற்கு ஐஎஸ்எல்லில் இடம் வாங்கித் தரவில்லை. ஐ-லீக்கை வென்று ஐஎஸ்எல்லுக்கு ஏறும் முதல் வாய்ப்பு 2023இல் பஞ்சாப் அணிக்குக் கிடைத்தது. அதற்கு முன்பே சென்னை சிட்டி ஐ-லீக்கிலும் இல்லாமல் போயிருந்தது.