தேயிலை மலையும் தானியக் குதிரும்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். 1890களில் காடழித்துத் தோட்டங்கள் எழுந்த காலந்தொட்டு, தொழிலாளர் உண்ட அரிசி சமவெளியிலிருந்தே மலையேறியது. மலை விளைவித்த தேயிலை பசியாற்றாது.

நெடுவழி அறுந்தால் நேர்வதென்ன? 1942இல் இரங்கூன் வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றது. சென்னை மாகாணம் தவித்தது. கொங்கின் மானாவாரிச் சோளமும் கம்பும் எக்கப்பலையும் எதிர்பார்த்து விளைந்தவையல்ல.

ஆயினும் அருகில் விளைவதே போதிய அரண் என்று முடித்துவிடலாகாது. 1876–78 தாதுவருடப் பஞ்சத்தில் மழை பொய்க்க, அதே மானாவாரிப் பயிர் கருகியது. கோயமுத்தூர்ச் சீமை கடுந்துயருற்றது.

கப்பல் நின்றால் காப்பது அண்டை வயல். மழை நின்றால் காப்பவை சேர்த்துவைத்த குதிரும், தொலைவிலிருந்து வரும் வண்டியும். நெல்வயலற்ற தேயிலை மலைக்குக் குதிரேனும் நிறைந்திருத்தல் வேண்டும்.